அடி, பொறுக்கு, விற்றுவிடு: இந்த கேம்களில் சுவை எங்கே முடிந்து அலுப்பு எங்கே ஆரம்பிக்கிறது?

செம்பூர் சேகர் · வெள்ளி, இரவு 11:42

இது திட்டுவதற்காகப் போட்ட இழை இல்லை. கூட்டமாக வரும் அரக்கர்களை அடித்து, விழும் பொருளைப் பொறுக்கி, பலம் ஏற்றிக்கொண்டே போகும் டயாப்ளோ வகை கேம்களை இருபது வருடத்துக்கு மேலாக விளையாடுகிறவன் நான். டயாப்ளோவின் எல்லாப் பாகங்களும், டார்ச்லைட், டைட்டன் க்வெஸ்ட், பாத் ஆஃப் எக்ஸைல் என்று எதையும் விட்டதில்லை. இப்போது டயாப்ளோ 4-இல் ஒரு நெக்ரோமேன்சர், அதாவது பிணங்களை வைத்து வித்தை காட்டும் மந்திரவாதி, ஓடிக்கொண்டிருக்கிறான்.

விஷயம் இதுதான். ஆரம்பத்தில் சில நாள் தூக்கமே கிடையாது. காலில் போடும் பூட்ஸ் மாறினால்கூட சந்தோஷமாக இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு கட்டத்தில் கை மட்டும் ஓட ஆரம்பிக்கிறது. கூட்டம் வருகிறது, பிணங்களை வெடிக்க வைக்கிறேன், தரை முழுக்கப் பொருள் கொட்டுகிறது, பொறுக்கி ஊருக்குக் கொண்டுபோய் கொல்லனிடம் கொடுத்து உடைத்துப்போடுகிறேன், திரும்பப் போகிறேன். நேற்று ராத்திரி வெகுநேரம் இப்படி ஓடிவிட்டுப் பார்த்தால் உடம்பில் ஒரு பொருள்கூட மாறவில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

பிடிக்காதவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிடித்தவர்களைத்தான் கேட்கிறேன்: இந்த மாற்றம் கேமில் எந்த இடத்தில் நடக்கிறது? "வயசாகிவிட்டது" என்ற பதில் வேண்டாம், அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

கோலிவாடா குமரன் · வெள்ளி, இரவு 11:51

முதல் கிளிக்கில்.

செம்பூர் சேகர் · வெள்ளி, இரவு 11:53

வந்துவிட்டீர்களா. பிடித்தவர்களை என்று எழுதியிருந்தேனே குமரன்.

லேமிங்டன் பாண்டி · சனி, காலை 7:15

அண்ணாச்சி, எனக்கு இந்த கேம் கண்ணில் இருப்பதை விடக் காதில்தான் அதிகம் இருக்கிறது. டயாப்ளோ 2 வெளியானது 2000 ஜூன் கடைசியில். எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது மூன்று சிடி. எங்கே வாங்கினோம் என்று மட்டும் கேட்காதீர்கள். தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு நெட் கஃபேயில் நாலு மெஷினை லேனில், அதாவது ஒரே கேபிள் இணைப்பில், கட்டி உட்காருவோம். அந்த கேமில் பொருள் விழுந்தால் யார் முதலில் கிளிக் செய்கிறாரோ அவருக்குத்தான். பாஸ் என்கிற பெரிய அரக்கன் சாகப்போகிற நேரத்தில் யாரும் பாஸைப் பார்க்க மாட்டோம், அவன் காலடித் தரையைத்தான் பார்ப்போம்.

கவசம் விழுந்தால் கனமாக ஒரு சத்தம். மோதிரம் விழுந்தால் மெல்லிசாக ஒரு "டிங்". திரையில் நெருப்பும் பிணமுமாகக் கிடக்கும், ஆல்ட் பட்டனை அழுத்தினால்தான் பொருளின் பெயர் தெரியும். அதற்கு முன்பே டிங் கேட்டுவிடும், நாலு மௌஸும் ஒரே இடத்தில் குத்தும். முக்கால்வாசி நேரம் ஒன்றுக்கும் உதவாத நீல மோதிரம்தான். அதற்குப் போய் ஒருவன் இன்னொருவனோடு பத்து நாள் பேசாமல் இருந்திருக்கிறான்.

இப்போதெல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக விழுகிறது. நியாயம்தான், சண்டை இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரன் வயிறு எரிவதைப் பார்க்கிற சுகம் போச்சு.

பவாய் நிகழ்தகவு · சனி, காலை 9:30

சேகர் அண்ணா கேட்டதற்குப் பாதிப் பதில் இந்த வகை கேம் பிறந்த கதையிலேயே இருக்கிறது.

டயாப்ளோ முதல் பாகத்தைச் செய்தது காண்டார் என்ற சின்ன நிறுவனம். அதுதான் பிறகு ப்ளிஸர்ட் நார்த் ஆனது. அவர்கள் தொடங்கியபோது அது முறை வைத்து ஆடும் கேம். நாம் ஓர் அடி வைத்தால் பேய் ஓர் அடி வைக்கும். 1980-இல் வந்த ரோக், அதற்குப் பின் வந்த மோரியா, ஆங்பாண்ட் இவைதான் முன்னோடி. அவற்றில் படமே கிடையாது, எழுத்துக்குறிகள்தான் வீரனும் அரக்கனும். ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக உருவாகும், செத்தால் முதலிலிருந்து. ப்ளிஸர்ட் தலைமையகம் இதை நிகழ்நேரத்தில் ஓடவிடச் சொன்னது. காண்டாரின் டேவிட் ப்ரெவிக் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் ஓட்டெடுத்தார்கள், அவர் பக்கம் தோற்றது. சரி என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து மாற்றிவிட்டார். ஓர் எலும்புக்கூட்டின் மேல் கிளிக் செய்தார், வீரன் நடந்துபோய் அடித்தான், அது சிதறி விழுந்தது. அந்த இடத்திலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்று கேம் செய்கிறவர்கள் கூடும் 2016 ஜிடிசி மாநாட்டில் அவரே சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது, ரோக்கில் ஒவ்வொரு அடியும் ஒரு முடிவு. ஓடுவதா, மருந்து குடிப்பதா, நின்று அடிப்பதா என்று யோசிக்கலாம். டயாப்ளோ அந்த முடிவுகளையெல்லாம் சண்டையிலிருந்து எடுத்து நம் பைக்குள்ளும், எந்தத் திறனை வளர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் திறன் மரத்திலும் வைத்துவிட்டது. பை என்றால் பத்துக்கு நாலு, மொத்தம் 40 கட்டம். பெரிய கவசத்துக்கு ஆறு கட்டம், மோதிரத்துக்கு ஒன்று. பை நிறைந்த நிலையில் பாதாளத்தில் நின்று எதைப் போட்டுவிட்டு எதை எடுப்பது என்று யோசிப்பதுதான் கேம். அடிப்பது அந்த யோசனைக்குச் சரக்கு கொண்டுவரும் வேலை.

சரக்கு வந்தும் யோசிக்க ஒன்றும் இல்லாமல் போகிற இடம் இருக்கிறதே, அலுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

கோலிவாடா குமரன் · சனி, காலை 10:08

நன்றி தம்பி. நான் ஒரு வார்த்தையில் சொன்னதை நீங்கள் வரலாற்றோடு நிரூபித்துவிட்டீர்கள். சண்டையில் யோசனை இல்லை. ஆனால் விளையாடும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சண்டைதான். அப்படியானால் பத்தில் ஒன்பது பங்கு நேரம் நீங்கள் செய்வது சரக்கு சுமக்கிற வேலை. சம்பளம் கிடையாது, கரண்ட் பில் நம்முடையது.

2019-இல் வந்த டிஸ்கோ எலீசியத்தில் சண்டை என்று தனியாக ஒரு ஏற்பாடே கிடையாது. ஒரு மனிதனிடம் என்ன பேசுவது, எப்போது வாயை மூடுவது என்பதுதான் கேம். அதையும் ரோல் ப்ளேயிங், அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடுவது, என்கிறார்கள், ஐந்நூறாவது எலும்புக்கூட்டை அடிப்பதையும் ரோல் ப்ளேயிங் என்கிறார்கள். உங்கள் நெக்ரோமேன்சர் யார், எந்த ஊர், ஏன் பிணத்தோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஒருமுறையாவது யோசித்திருக்கிறீர்களா சேகர்?

மற்றபடி இதெல்லாம் உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வில் வைத்த புறாதான். எத்தனையாவது கொத்தலில் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்துவிட்டால் அது நிறுத்தாமல் கொத்திக்கொண்டே இருக்கும். 1950-களிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

செம்பூர் சேகர் · சனி, காலை 10:20

நெக்ரோமேன்சரின் ஊர் எனக்குத் தெரியாது. அவனுடைய க்ரிட்டிகல் சான்ஸ், அதாவது அடி கூடுதலாக விழும் வாய்ப்பு, எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பவாய் நிகழ்தகவு · சனி, காலை 10:45

புறா வராமல் இந்தப் பேச்சு எந்த மன்றத்திலும் முடிவதில்லை. குமரன் சார் சொல்வது முழுப் பொய் இல்லை, ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆயிரத்தில் ஒரு முறை விழும் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் முறை அடித்தால் கிடைத்துவிடும் என்று மனசு நினைக்கும். உண்மையில் ஆயிரம் முறை அடித்த 100 பேரில் சுமார் 37 பேருக்கு அது கிடைத்திருக்காது. இரண்டாயிரம் முறை அடித்த பிறகும் 13, 14 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். மூவாயிரத்துக்குப் பிறகும் ஐந்து பேர். முன்பு அடித்ததற்கும் அடுத்து விழப்போவதற்கும் சம்பந்தமே கிடையாது. "இவ்வளவு அடித்தாச்சு, இனி விழுந்துதான் ஆகணும்" என்பது நாமே கட்டிக்கொள்ளும் கதை.

புறாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் புரியாது. மனிதனுக்கு ஆயுதம் தேவை என்றால் எந்த அரக்கனிடம் அது விழ வாய்ப்பு அதிகம், அவனிடம் வேகமாகப் போய்வர எந்த வழி, நல்ல பொருள் விழும் வாய்ப்பைக் கூட்டும் மேஜிக் ஃபைண்ட் ஏற்றுவதா, அடியின் பலமான டேமேஜ் ஏற்றுவதா என்று திட்டம் போடுகிறான். டயாப்ளோ 2-இல் மெஃபிஸ்டோ என்ற பாஸை மட்டும் திரும்பத் திரும்ப அடிக்க, இடம் விட்டு இடம் தாவும் டெலிபோர்ட் போட்டுப் பறக்கும் சோர்சரஸ் என்ற மந்திரக்காரியை உருவாக்கியவர்கள் எல்லாம் அப்படித்தான். திட்டம் போடுகிற வரை சுவைதான். திட்டம் முடிந்து அதை நிறைவேற்ற மட்டும் வேண்டியிருக்கும்போது புறா ஆகிவிடுகிறான். அதனால் புறா கட்டம் என்று ஒன்று இருப்பதை மறுக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே புறா என்பதைத்தான் மறுக்கிறேன்.

மாட்டுங்கா மீனா · சனி, மதியம் 1:05

இங்கே எல்லோரும் தனியாக உட்கார்ந்து விளையாடுவதையே பேசுகிறீர்கள். நான் என் பையனோடு விளையாடுகிறேன். அவன் கல்லூரி விடுதியில், நான் வீட்டில். டார்ச்லைட் 2, 2012-இல் வந்த பழைய கேம்தான். அவன் முன்னால் போய் அடிப்பான், நான் பின்னால் நின்று சுடுவேன். பை நிறைந்துவிட்டால் என் பூனையிடம் எல்லாவற்றையும் கொடுத்து ஊருக்கு அனுப்பினால் அது விற்றுவிட்டுக் காசோடு வரும். (இந்த ஏற்பாட்டை எல்லா கேமிலும் ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பூனை போய்விட்டு வருவதற்குள் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்பது வேறு.)

கேமில் யோசிக்க ஒன்றும் இல்லாததுதான் எனக்கு வசதி. என் அம்மா மாட்டுங்கா பூக்கடைச் சந்தில் வாங்கிய உதிரிப்பூவை மடியில் கொட்டிக்கொண்டு தொடுப்பாள். விரல் பாட்டுக்கு முடிச்சுப் போடும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்து பேசியிருந்தால் அத்தனை கதை வந்திருக்காது. பையனிடம் போனில் "என்னப்பா, நல்லா இருக்கியா" என்றால் "ம்" என்பான். எலும்புக்கூட்டை அடித்துக்கொண்டே பேசினால் எந்தப் பேப்பரில் அரியர், யாரோடு சண்டை எல்லாம் தானாக வரும்.

கதை கேம் என்றால் பேச முடியாது. அதில் வருகிறவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும்.

கோலிவாடா குமரன் · சனி, மதியம் 1:22

மீனாக்கா, உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று, அம்மா தொடுத்து முடித்ததும் தலையில் வைக்க ஒரு சரம் இருந்தது.

மாட்டுங்கா மீனா · சனி, மதியம் 1:30

சாயங்காலம் வாடிவிடும் தம்பி. அவள் அதற்காக நிறுத்தவில்லை.

ஐரோலி நைட்ஷிஃப்ட் · சனி, மதியம் 2:50

இப்போதுதான் எழுந்தேன். மீனாக்கா சொன்னதைப் படித்து இரண்டு முறை லைக் போடப் பார்த்தேன், முடியவில்லை.

நான் கஸ்டமர் சப்போர்ட். ராத்திரி முழுக்க எதிர்முனையில் கத்துகிறவர்களுக்காக முடிவெடுப்பதுதான் வேலை. பணத்தைத் திருப்பித் தரலாமா, மேலே அனுப்பலாமா, எந்த வார்த்தை சொன்னால் அடங்குவார்கள் என்று. காலையில் ஏழு மணிக்கு வீடு வந்து இன்னும் முடிவெடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. "யோசிக்க வேண்டியிராத இடத்தில் அலுப்பு ஆரம்பிக்கிறது" என்கிறார் பவாய்க்காரர். எனக்கு அங்கேதான் ஓய்வு ஆரம்பிக்கிறது. அடிக்க வேண்டும், சிதற வேண்டும், ஒரு கோடு மெல்ல நிறைய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சாதாரண மோடில் எனக்கே அலுத்துப்போனது. ஹார்ட்கோருக்கு மாறினேன். ஒரே உயிர், செத்தால் பாத்திரமும் அதன் பொருளும் போயே போச்சு. கை செய்வது அதே வேலைதான், எலும்புக்கூடும் அதேதான். ஆனால் மூலையில் மூன்று எலைட், அதாவது பலம் கூடிய அரக்கர்கள், நிற்பது தெரிந்தால் முதுகு நிமிர்கிறது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய மருந்து பட்டனை இப்போது எப்போது அழுத்துவது என்று பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் நல்ல லெவலில் இருந்த ஒரு பார்பேரியன் நெட் அறுந்து நின்ற இடத்திலேயே செத்தான். நெட்காரருக்குப் போன் போட்டால் "ஏரியா முழுக்க டவுன் மேடம்" என்றார். என் பார்பேரியன் செத்ததை அவரிடம் எப்படி விளக்குவது?

லேமிங்டன் பாண்டி · சனி, மாலை 4:10

தங்கச்சி, அவனுக்கு ரெண்டு நிமிடம் மௌனம்.

பாத் ஆஃப் எக்ஸைலில் சாதாரண மோடிலேயே சாவுக்கு விலை உண்டு. கதை முடிந்த பிறகு செத்தால் அடுத்த லெவலுக்கு வேண்டிய அனுபவத்தில் 10 சதவீதம் போய்விடும். 90-க்கு மேலே ஏற ஏற அந்தப் பத்து சதவீதம் ஒரு ராத்திரி உழைப்பு. டயாப்ளோ 2-இல் 99-ஆம் லெவலுக்கு மொத்தம் சுமார் 352 கோடி அனுபவப் புள்ளி வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் போனால் ஓர் அரக்கனுக்குக் கிடைக்கிற புள்ளியையும் வெட்டிவிடுவார்கள். அங்கே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 99 வந்த பிறகு அந்தப் பாத்திரத்தைத் தொடவே மாட்டார்கள்.

மட்டுறுத்துநர் · சனி, மாலை 4:32

கேம் தங்கம் விற்கும் இணைப்பைப் போட்ட ஒரு கணக்கை நீக்கியிருக்கிறோம். இழையைத் தொடருங்கள்.

செம்பூர் சேகர் · சனி, மாலை 5:40

அந்தத் தங்க வியாபாரி சரியான நேரத்தில் வந்துவிட்டுப் போனார். பவாய் தம்பியின் கட்சிக்கு வலு சேர்க்கும் சாட்சி டயாப்ளோ 3-தான்.

2012 மே மாதம் வந்தபோது அதில் ஏலக்கடை இருந்தது. கேம் தங்கத்துக்கு ஒன்று, கொஞ்ச நாளில் நிஜக் காசுக்கும் ஒன்று. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது: எனக்கு வேண்டாத வில்லை நான் விற்கிறேன், எனக்கு வேண்டிய கோலை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் பொறுக்கியதெல்லாம் ஒரே சந்தைக்கு வந்து குவிந்தால் என்ன ஆகும்? தரையில் எனக்கு எது விழுந்தாலும் அதை விட நல்லது கடையில் மலிவாகக் கிடக்கும். நான் சாயங்காலம் முழுக்கத் தேடி எடுத்த கோடரியைக் கடையில் போட்டுப் பார்த்தால் அதே மாதிரி நூறு கோடரி வரிசையாக நிற்கும். அப்புறம் தரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், நேராகக் கடை ஜன்னலைத்தான் பார்த்தேன். கேமுக்குள் போவது கடைக்குக் காசு சேர்க்க மட்டும்.

2014 மார்ச் 18 அன்று இரண்டு கடைகளையும் மூடினார்கள். அரக்கனைக் கொன்று பொருள் எடுப்பது என்ற கேமின் அடிப்படையையே அது கெடுக்கிறது என்று செய்தவர்களே ஒத்துக்கொண்டார்கள். மூடுவதற்குச் சற்று முன்பு பொருள் விழும் முறையையே மாற்றியிருந்தார்கள். விழுவது குறைந்தது, விழுந்தது நம் பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருந்தது, சில லெஜெண்டரிகள், அதாவது அரிய பொருள்கள், ஒரு திறனையே தலைகீழாக மாற்றிப்போட்டன. ஒன்று கையில் கிடைத்தால் "இதை வைத்து வேறு மாதிரி ஆடிப் பார்க்கலாமே" என்று தோன்றியது. அந்தக் கேம் எனக்குப் பிடிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

லேமிங்டன் பாண்டி · சனி, மாலை 6:05

கடையே இல்லாவிட்டாலும் ஜனம் சந்தை போட்டுவிடும் அண்ணாச்சி. டயாப்ளோ 2-இல் தங்கத்துக்கு மதிப்பே இல்லை என்று ஆனதும் ஸ்டோன் ஆஃப் ஜோர்டான் என்ற மோதிரம் நோட்டு ஆகிவிட்டது. இத்தனை ஜோர்டானுக்கு இந்தக் கவசம் என்று பேரம் நடக்கும். உடனே கள்ள நோட்டும் வந்தது, மோதிரத்தை நகலெடுத்துக் குவித்தார்கள். 2003-இல் வந்த 1.10 பேட்சில், அதாவது கேமுக்கு வந்த திருத்தத்தில், அதற்கு ஒரு வழி வைத்தார்கள் பாருங்கள், அதுதான் மூளை. மோதிரத்தை ஊர் வியாபாரியிடம் விற்றால் சர்வரில் ஓர் எண்ணிக்கை ஏறும். போதுமான மோதிரம் விற்கப்பட்டதும் பூமி அதிரும், உபர் டயாப்ளோ என்ற பெரிய பாஸ் வருவான். அவனைக் கொன்றால் வேறெங்கும் கிடைக்காத ஒரு சார்ம், பையில் வைத்தாலே பலம் தரும் தாயத்து மாதிரி. ஜனம் தானாகவே கள்ள நோட்டைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டது.

டோம்பிவிலி ஸ்லோ · சனி, இரவு 8:15

புதியவன். போனில் டயாப்ளோ இம்மார்ட்டல் விளையாடுகிறேன், 2022 ஜூனில் வந்ததிலிருந்து. அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே?

பவாய் நிகழ்தகவு · சனி, இரவு 8:31

பேசலாம் அண்ணா. விரல் ஓட்டமும் சண்டையும் அருமை, டோம்பிவிலியிலிருந்து உட்கார இடம் கிடைத்தால் தாதர் வரும் வரை நேரம் போவது தெரியாது. சிக்கல் மேல்மட்டத்தில்தான். பலம் ஏற வேண்டுமானால் லெஜெண்டரி ஜெம் என்ற அரிய கல் வேண்டும், அது கிடைக்கும் பாதாளத்துக்குள் போகும்போது போடும் க்ரெஸ்ட் என்ற முத்திரையைக் காசு கொடுத்து வாங்கலாம். உள்ளே என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அந்த நாடுகளின் சட்டம் காரணமாக கேமையே வெளியிடவில்லை. அலுப்பை முதலில் உருவாக்கி, அப்புறம் அதைத் தாண்டிப்போக டிக்கெட் விற்கிறார்கள். நான் இந்த இழையில் கோபப்படுவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

டோம்பிவிலி ஸ்லோ · சனி, இரவு 8:40

நான் பைசா போட்டதில்லை. அதனால்தானோ என்னவோ மேல்மட்டம் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

கோலிவாடா குமரன் · சனி, இரவு 9:12

2002-இல் ப்ராக்ரஸ் க்வெஸ்ட் என்று ஒன்று வந்தது, யாராவது பார்த்திருக்கிறீர்களா? எரிக் ஃப்ரெட்ரிக்சன் என்பவர் கிண்டலுக்காகச் செய்தது. இனத்தையும் தொழிலையும் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. அதுவே அரக்கனைக் கொல்லும், அதுவே விற்கும், அதுவே லெவல் ஏறும். நீங்கள் கோடு நிறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் கேம்களின் தோலை உரித்துவிட்டு எலும்பை மட்டும் வைத்தார். பகடி என்று தெரிந்தும் ஆட்கள் அதை நாள்கணக்கில் ஓடவிட்டார்கள். இதற்கு என்ன பதில்?

பவாய் நிகழ்தகவு · சனி, இரவு 9:50

இதற்குப் பதில் வேம்பையர் சர்வைவர்ஸ். லூக்கா கலாந்தே என்ற இத்தாலியர் கிட்டத்தட்டத் தனியாளாகத் தொடங்கியது. அதிலும் அடிக்கும் வேலை நமக்கு இல்லை, ஆயுதம் தானாகச் சுடும். நாம் நடப்போம், அவ்வளவே. ப்ராக்ரஸ் க்வெஸ்டுக்கு ஒரு படி மேலே என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் லெவல் ஏறும்போதெல்லாம் மூன்று நாலு பொருளைக் காட்டி ஒன்றை எடு என்கிறது. பூண்டு எடுக்கலாமா, சாட்டையை வளர்க்கலாமா? எந்த ஆயுதத்தோடு எந்தத் துணைப்பொருள் சேர்ந்தால் அடுத்த வடிவம் எடுக்கும்? கிளிக் செய்யும் கூலி வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, முடிவெடுக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது. அத்தோடு 30-ஆம் நிமிடம் காலனே வந்து நம்மைக் கொண்டுபோய்விடுவான். முடிவு உள்ள கேம். 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா வழங்கும் சிறந்த கேம் விருது இதற்குத்தான் போனது. கலாந்தே முன்பு சூதாட்ட கேம் துறையில் வேலை பார்த்தவர் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், குமரன் சார் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன்.

சேகர் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நெக்ரோமேன்சர் பில்டு, அதாவது அவனுடைய திறன்களும் பொருள்களும் சேர்ந்த திட்டம், உங்களுடையதா, யூடியூப் பார்த்துப் போட்டதா?

செம்பூர் சேகர் · சனி, இரவு 10:15

பார்த்துப் போட்டதுதான். எல்லோரும் அப்படித்தானே? பாத் ஆஃப் எக்ஸைல் திறன் மரத்தைத் திறந்து பாருங்கள், தேர்ந்தெடுக்க ஆயிரத்துக்கு மேல் முனை. சொந்த மூளையில் போட்டால் கதை முடிவதற்குள் முட்டுச்சந்தில் நிற்பேன். வாரத்தில் எனக்குக் கிடைப்பது சில ராத்திரிகள். அதில் பரிசோதனை செய்ய முடியாது தம்பி.

பவாய் நிகழ்தகவு · சனி, இரவு 10:40

குறை சொல்லவில்லை அண்ணா. ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். எந்தத் திறன், எந்த மோதிரம், எந்த வரிசையில் என்ற முடிவுகளை எல்லாம் வேறொருவர் எடுத்துவிட்டார். அதுதான் கேம் என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் பங்குக்கு மிஞ்சியது அந்தப் பட்டியலில் இருப்பது விழும் வரை அடிப்பது. பட்டியலில் இல்லாதது எல்லாம் உங்களுக்குக் குப்பை, படித்துக்கூடப் பார்க்க மாட்டீர்கள். நீங்கள் கேட்ட "எந்த இடம்" அதுதான் என்று எனக்குப் படுகிறது. கேம் அப்படியேதான் இருக்கிறது, பட்டியல் கையில் வந்த இடத்தில் அதற்குள் உங்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

கேம் செய்தவர்கள் பங்கும் இதில் உண்டு. டயாப்ளோ 4 ஆரம்பத்தில் ஒரு கையுறையில் "அருகில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சதவீதம் கூடுதல் அடி", "குளிரில் உறைந்தவர்களுக்கு இவ்வளவு", "காயம்பட்டவர்களுக்கு இவ்வளவு" என்று வரிசையாக இருக்கும். இரண்டு கையுறையை ஒப்பிடக் கால்குலேட்டர் வேண்டும். பழுத்த கணக்கப்பிள்ளை தவிர யாரும் தானாக முடிவெடுக்க முடியாது, அதனால் எல்லோரும் வழிகாட்டியிடம் போனார்கள். 2024 மே மாதம் நாலாவது சீசனில் (சில மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் புதிதாக ஆரம்பிக்கும் சுற்று) அந்த வரிகளை வெட்டிக் குறைத்த பிறகுதான் பொருளைக் கண்ணால் பார்த்தே "இது நல்லது" என்று சொல்ல முடிந்தது.

ஐரோலி நைட்ஷிஃப்ட் · சனி, இரவு 11:05

ஷிஃப்டுக்கு நடுவில் அவசரமாக. எனக்கு வழிகாட்டி பார்த்துப் போட்டாலும் சுகமாகத்தான் இருக்கிறது, சமையல் குறிப்பு பார்த்துச் செய்தாலும் சாம்பார் சாம்பார்தானே. எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள் டாக்டர்.

செம்பூர் சேகர் · ஞாயிறு, காலை 8:20

தம்பி சொன்னது கொஞ்சம் உறைத்தது, ஐரோலி மேடம் சொன்னதும் சரியாகத்தான் படுகிறது. நெக்ரோமேன்சரைப் பட்டியலோடு அப்படியே வைத்துவிடுகிறேன், அசதியான ராத்திரிகளுக்கு அவன். தனியாக ஒன்றை வழிகாட்டியே பார்க்காமல் விளையாட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்? தப்பாகப் போனாலும் முழுசாக வீணாகாத கேமாக இருக்க வேண்டும். சீசன், லேடர் என்கிற போட்டி வரிசை எதுவும் வேண்டாம்.

பவாய் நிகழ்தகவு · ஞாயிறு, காலை 8:55

க்ரிம் டான், 2016. நெட் இல்லாமலும் ஓடும், சீசன் கிடையாது. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு தொழில் எடுக்கலாம். அடிப்படை கேமில் ஆறு, முதல் இரண்டு விரிவாக்கத்தையும் வாங்கினால் ஒன்பது. அதாவது 36 ஜோடி. கேமுக்குள் சேர்க்கும் காசு கொடுத்தால் திறன் புள்ளிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குப்பையை மறைக்கும் ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது, ஆனால் அதை முதல் நாளே போடாதீர்கள். கொஞ்ச நாள் எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள்.

மாட்டுங்கா மீனா · ஞாயிறு, காலை 9:10

நாலு பேர் சேர்ந்து விளையாடலாம் என்று பையன் சொல்கிறான். என் லேப்டாப்பில் ஓடுமா? டார்ச்லைட்டுக்கே சில நேரம் சூடாகிறது.

லேமிங்டன் பாண்டி · ஞாயிறு, காலை 9:25

சூடு என்றால் விசிறியில் தூசு அடைத்திருக்கும்க்கா, பேஸ்டும் காய்ந்திருக்கும். நாளைக்குக் கொண்டுவாருங்கள், இன்றைக்குக் கடை கிடையாது. ரேம் நாலு ஜிபி என்றால் எட்டாக்கிவிடுவோம், போதும். சேகர் அண்ணாச்சி, நாலாவது ஆள் நான். முன்னால் நின்று அடி வாங்குகிற சோல்ஜர் எனக்கு, யாரும் எடுத்துவிடாதீர்கள்.

கோலிவாடா குமரன் · ஞாயிறு, காலை 9:40

அதில் கதை எப்படி? சும்மா கேட்கிறேன்.